ஸர் ராபர்ட் பீலும் போலீஸ் உத்தியோகத்தின் வாசலும்

1829-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ந் தேதி மாலை ஆறு மணிக்கு, நீலநிறக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் தரித்த ஒரு கூட்டத்தார் லண்டன் பட்டணத்துத் தெருக்களில் நடக்கத் தொடங்கினர். அவர்கள் தோளில் துப்பாக்கியில்லை, இடுப்பில் வாளில்லை. கோட்டின் பின்மடிப்பில் ஒரு குறுந்தடியும், துணைக்கு ஆளழைக்க ஒரு மரக் கிலுக்கும் மட்டுமே இருந்தன. பதிவேட்டில் முதலாம் எண் பெற்றிருந்தவர் குடித்திருந்த குற்றத்துக்காக அன்றே வேலையினின்றும் நீக்கப்பட்டார். கான்ஸ்டபிள் உத்தியோகம் என்று இன்று நாம் வழங்கும் பிழைப்பு, இவ்வளவு சங்கடமான நாளொன்றில் பிறந்தது. அதைப் பிறப்பித்தவர் அக்காலத்து இங்கிலாந்தின் உள்நாட்டு மந்திரி ஸர் ராபர்ட் பீல்.

போலீஸ் உத்தியோகத்துக்கு மனுப்போடும் வாலிபர் நம் நாட்டில் லக்ஷக்கணக்கில் இருக்கின்றனர். போலீஸாரின் தடிக்கு முன்னே நிற்க நேரும் பொதுஜனத் தொண்டர்களும் குறைவில்லை. இவ்விரு சாராரும் பீல் என்பவரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அவர் கட்டிய போலீஸ் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தம் சொந்த ஜனங்களுக்காக. மற்றொன்று அடிமைப்பட்ட அயல் ஜனங்களுக்காக. இரண்டுக்கும் ஆள் எடுத்த விதம் வேறு. ஆகவே இரண்டின் குணமும் வேறாயிற்று.

பீல் 1788-ஆம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி, லங்காஷயரைச் சேர்ந்த பரி என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் பருத்தி ஆலை முதலாளி, பெருந்தனவந்தர், பார்லிமெண்டு மெம்பரும்கூட. மகனை ராஜ்யம் ஆளும் மனிதனாக்க வேண்டுமென்பது அவருடைய சங்கற்பம். ஹாரோ பள்ளியிலும் பிறகு ஆக்ஸ்பர்டு சர்வகலாசாலையிலும் படித்த மகன், 1808-இல் பண்டைய இலக்கியம், கணிதம் ஆகிய இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த வருஷமே, இருபத்தொரு வயதில், ஐர்லாந்திலுள்ள காஷெல் தொகுதியின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் போய் உட்கார்ந்தார். அத்தொகுதியில் வாக்காளர் மொத்தம் இருபத்துநான்கு பேர். தகப்பனார் அந்த ஸ்தானத்தை விலைகொடுத்து வாங்கிக் கொடுத்தார் என்பது ஒளிவுமறைவில்லாத விஷயம். பின்னாளில் சிபார்சையும் செல்வாக்கையும் போலீஸ் வாசலில் அண்டவிடாத மனிதர், தாம் அரசியலில் நுழைந்த வாசல் இப்படிப்பட்டது. இதைக் குறிப்பிடாமல் போவது சரித்திரத்துக்கு நியாயமாகாது.

1812-இல், இருபத்துநான்காம் வயதில், ஐர்லாந்தின் பிரதம காரியதரிசியாக நியமனம் பெற்று டப்ளின் சென்றார். ஆறு வருஷம் அங்கே இருந்தார். கத்தோலிக்கக் குடியானவர்கள் பெரும்பான்மையினர். நிலச்சுவான்தார்களும் மாஜிஸ்திரேட்டுகளும் புராடஸ்டண்டு மதத்தினர். குத்தகைக் கொடுமையும், தாங்கள் சேராத மதக்கோயிலுக்குத் தசமபாகம் கட்டவேண்டிய கொடுமையும் சேர்ந்து கிராமங்களில் இரவுக் கலகங்களை மூட்டின. இதற்குப் பீல் கண்ட மருந்து 1814-ஆம் வருஷத்துச் சட்டம். கலகப் பிரதேசம் என்று சர்க்கார் விளம்பரப்படுத்தும் இடத்துக்கு ஒரு விசேஷ மாஜிஸ்திரேட்டும் அவருக்குக் கீழ் ஆயுதந்தாங்கிய ஆட்களும் அனுப்பப்படுவர். அவர்களுக்காகும் செலவை அவ்வூர் ஜனங்களே கட்டவேண்டும். அந்தப் படை முதன்முதலில் டிப்பெரரி ஜில்லாவுக்குச் சென்றது. ஆட்களில் பலர் பட்டாளத்திலிருந்து விலகியவர்கள்.

ஐரிஷ் ஜனத்தலைவர் டேனியல் ஓகானல், பீலுக்கு ஆரஞ்சுப் பீல் என்று பட்டஞ்சூட்டினார். பீல் என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பழத்தோல் என்று பொருள். ஆரஞ்சு என்பதோ அங்கே புராடஸ்டண்டுக் கட்சியின் பெயர். சிலேடை தைத்தது. 1815-இல் இருவரும் துப்பாக்கியேந்தித் துவந்த யுத்தம் செய்யவும் ஏற்பாடாயிற்று. நல்லவேளையாக அது நடைபெறவில்லை.

1822-இல் பீல் உள்நாட்டு மந்திரியானார். அந்த வருஷமே ஐர்லாந்து முழுவதற்கும் நிரந்தரமான கான்ஸ்டபிள் படை அமைக்கச் சட்டமாயிற்று. 1836-இல் அது ஒரே தலைமையின்கீழ் கொண்டுவரப்பட்டது. அதில் சேரும் சாமானியர் படைவீடுகளில் வாசம் செய்தனர், கைத்துப்பாக்கி பிடித்தனர், சொந்த ஜில்லாவில் வேலைபார்க்க அனுமதிக்கப்படவில்லை. ஜனங்களோடு உறவு ஏற்பட்டுவிடக்கூடாது என்பதே காரணம். அதிகாரிகளோ கனவான்களின் வீட்டுப் பிள்ளைகளாக நேரே மேற்பதவியில் வந்து அமர்ந்தனர். கீழே குடியானவன் மகன் நுழைய ஒரு வாசல். மேலே துரைமகன் நுழைய வேறொரு வாசல். நேயர்கள் இந்த இரண்டு வாசல்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்கிலாந்தில் பீல் செய்த வேலை வேறு மாதிரி. அந்நாளில் அத்தேசத்தில் மரணதண்டனைக்குரிய குற்றங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டிருந்தன. சொற்பத் திருட்டுக்கும் தூக்கு என்ற நிலை. ஸர் ஸாமுவேல் ராமிலி போன்ற தர்மிஷ்டர்கள் நெடுநாள் வாதாடிப் பலன் காணாமலே மறைந்தனர். பீல் அவர்களைவிட மனம் உருகியவர் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பார்லிமெண்டில் காரியம் முடிக்கத் தெரிந்தவர். சிதறிக்கிடந்த சட்டங்களைத் திரட்டி, திருட்டைப்பற்றி 1827-இலும், உடற்காயங்களைப்பற்றி 1828-இலும் ஒழுங்கான சட்டங்களாக்கினார். பல குற்றங்களுக்குத் தூக்கு நீங்கிற்று. ஜூரிகளைப்பற்றிய சட்டம் 1825-இல் வந்தது. அதற்கு முன்பே 1823-இல் சிறைச்சாலைச் சட்டம் ஏற்பட்டு, கைதிகளிடம் பணம் பறித்துப் பிழைத்த ஜெயிலருக்குச் சம்பளமும், பெண் கைதிகளுக்குப் பெண் காவலரும் என்ற விதி உண்டாயிற்று. ஜெயில் வார்டர் வேலையென்பது குத்தகை வியாபாரமாயிராமல் சம்பள உத்தியோகமாக மாறியதற்கு இதுவும் ஒரு படி.

தண்டனையின் கொடுமை குறைந்தால், பிடிபடுவோம் என்ற நிச்சயம் கூடவேண்டும். பிடிப்பதற்கு ஆள் யார்? லண்டனில் ஒவ்வொரு கோயில்வட்டத்துக்கும் தனித்தனி இராக்காவலர் இருந்தனர். வேறு வேலைக்கு உதவாத கிழவர்கள் பலர். விளக்கும் தடியும் கையிலேந்தி நேரத்தைக் கூவிக்கொண்டு போவதே அவர்கள் தொழில். போ ஸ்ட்ரீட் மாஜிஸ்திரேட்டுக் கச்சேரியைச் சேர்ந்த துப்பறிவோர் சாமர்த்தியசாலிகள்தாம். ஆனால் பொருளிழந்தவன் கொடுக்கும் வெகுமதியை நம்பி வாழ்ந்தவர்கள். ஏழை வீட்டுத் திருட்டைத் தேட அவர்களுக்கு என்ன அவசரம்?

1822-இல் பீல் கேட்டுப் பார்த்தார். பார்லிமெண்டுக் கமிட்டி மறுத்துவிட்டது. போலீஸ் என்றால் பிரெஞ்சு தேசத்து ஒற்றர் என்றும், ஆங்கிலேயனுடைய சுதந்திரத்துக்கு அது அபாயமென்றும் அக்கமிட்டியார் கருதினர். பீல் பொறுத்திருந்தார். 1829 ஜூன் மாதத்தில், பழம்பெருமை விடாத லண்டன் ஸிடி என்னும் நடுப்பகுதியை மட்டும் விலக்கிவிட்டு, சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார். கமிஷனர்களாக இருவரை நியமித்தார். ஒருவர் வாட்டர்லூ யுத்தத்தில் காயமுற்ற கர்னல் சார்ல்ஸ் ரோவன்; மற்றவர் ரிச்சர்டு மெய்ன் என்ற முப்பத்திரண்டு வயது பாரிஸ்டர். படைவீரரும் வக்கீலும் ஒரே கச்சேரியில் உட்கார்ந்து ஆள் தெரிந்தெடுத்தனர். அந்தக் கட்டடத்தின் பின்வாசல் இருந்த இடத்துக்கு ஸ்காட்லாண்டு யார்டு என்று பெயர்.

கான்ஸ்டபிளாகச் சேர வேண்டிய யோக்கியதைகள் சுருக்கமானவை. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும், உயரம் ஐந்தடி ஏழங்குலம், தேக ஆரோக்கியம், எழுதப் படிக்கத் தெரிதல், நன்னடத்தைக்குச் சாட்சி. சம்பளம் வாரத்துக்கு இருபத்தொரு ஷில்லிங். கூலியாட்கள், பட்டாளத்திலிருந்து வந்தவர், சக்கிலியர், தையற்காரர், தச்சர், ரொட்டிக்கடைக்காரர் என்று பலதரத்தாரும் வந்து சேர்ந்தனர். பிரபுக்களின் சிபார்சுக் கடிதத்தால் பதவி கிடைக்கும் வழக்கம் அக்காலத்து இங்கிலாந்தில் சர்வ சாதாரணம். கப்பற்படை முதல் தபாலாபீஸ் வரை அப்படியே. போலீஸில் அதற்கு இடமில்லை என்பதில் பீலும் கமிஷனர்களும் உறுதியாக நின்றனர்.

இதைவிட முக்கியமான முடிவொன்று உண்டு. இன்ஸ்பெக்டர், சூபரிண்டெண்டெண்டு வேலைகளுக்குக் கனவான்களை எடுப்பதில்லையென்று பீல் தீர்மானித்தார். அவர்கள் அந்த வேலையைத் தங்கள் அந்தஸ்துக்குக் குறைவாக எண்ணுவார்கள். கீழுள்ளவரோடு கலந்து பழகமாட்டார்கள் என்பது அவர் அபிப்பிராயம். ஆரம்பத்தில் மேற்பதவிகளுக்குப் பட்டாளத்து ஸார்ஜண்டு மேஜர்களை எடுக்க நேர்ந்தது உண்மை. பிறகு கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவனே ஸார்ஜண்டாகவும், இன்ஸ்பெக்டராகவும், சூபரிண்டெண்டெண்டாகவும் ஏறவேண்டும் என்பது முறையாயிற்று. வாசல் ஒன்றே. உள்ளே நுழைந்தவனுக்குப் படிகள் திறந்திருந்தன. தலைமைப் பீடமாகிய கமிஷனர் வேலை மட்டும் நெடுங்காலம் பட்டாளத்துப் பிரபுக்களுக்கும் வெளியாருக்குமே கிடைத்துவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மான்செஸ்டரில் 1937-இல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த ராபர்ட் மார்க், படிப்படியாக ஏறி, 1972-இல் லண்டன் கமிஷனரானார். அப்படியொருவர் வர நூற்றுநாற்பது வருஷத்துக்குமேல் சென்றது. இடையில் 1934-இல் டிரெஞ்சர்டு பிரபு ஹெண்டனில் ஒரு கலாசாலை வைத்து, படித்த வாலிபரை நேரே மேற்பதவிக்குத் தயார்செய்யப் பார்த்தார். 1939-இல் யுத்தம் வந்ததும் அது மூடப்பட்டது. 2014-இல் மறுபடியும் மேல்வாசல் ஒன்று திறந்து பார்த்தனர். சில வருஷங்களில் அதையும் விட்டுவிட்டனர்.

சம்பள விஷயத்தில் பீல் செய்தது சரியென்று நமக்குத் தோன்றவில்லை. நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் போதாதென்று அவருடைய சிநேகிதர் குரோக்கர் எடுத்துக்காட்டினார். பீல் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார்: விவாகமாகாத ஒருவன் உண்டு உடுத்தி, வாரத்தில் பத்து ஷில்லிங் மிச்சமும் பிடிக்கலாமாம்! பெண்டு பிள்ளைகளுள்ளவன் என்ன செய்வான் என்ற கேள்வியை அக்கணக்கு தொடவில்லை. பருத்தி ஆலை முதலாளியின் மகனுக்குக் கூலிக்கணக்கு இப்படித்தான் தோன்றும் போலும். பலன் விரைவில் தெரிந்தது. முதலில் சேர்க்கப்பட்ட 2,800 பேரில் நிலைத்தவர்கள் சுமார் 600 பேரே. பெரும்பாலோர் குடியினால் தள்ளப்பட்டனர். மற்றவர் இராப்பகல் நடையும் சொற்பச் சம்பளமும் பொறாமல் தாமே விலகினர்.

நிலைத்து நின்றவர்களுக்கும் வாழ்க்கை சுலபமாயில்லை. ஜனங்கள் அவர்களை வெறுத்தனர். நீலப் பேய்கள் என்று ஏசினர். 1830 ஜூன் மாதத்தில் தெருச்சண்டையொன்றை விலக்கப்போன கிராந்தம் என்ற கான்ஸ்டபிள் உதைபட்டு மாண்டார். 1833 மே மாதம் கோல்டுபாத் பீல்ட்ஸ் மைதானத்தில் வாக்குரிமை கோரிய தொழிலாளர் கூட்டத்தைப் போலீஸார் தடிகொண்டு கலைத்தபோது, கல்லி என்ற கான்ஸ்டபிள் குத்துண்டு இறந்தார். அம்மரணத்தை விசாரித்த ஜூரிகள், அக்கம்பக்கத்துச் சாமானிய வியாபாரிகள், அது நியாயமான கொலையே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டனர்! போலீஸார் எச்சரிக்கையின்றிப் பாய்ந்தனர் என்பது அவர்கள் கூறிய காரணம். மேல்கோர்ட்டு அத்தீர்ப்பைத் தள்ளிற்று. எனினும் ரோவனும் மெய்னும் அதைப் பாடமாகக் கொண்டனர். ஜனங்களின் சம்மதமில்லாமல் தங்கள் ஆள் ஒரு தெருவிலும் நடக்கமுடியாது என்று அறிந்து, முரட்டுத்தனம் காட்டியவனைத் தயங்காமல் நீக்கினர். பீலின் ஒன்பது கோட்பாடுகள் என்று இன்று போலீஸ் பள்ளிகளில் போதிக்கப்படுவன பீல் எழுதியவையல்ல. வெகுநாள் கழித்து இருபதாம் நூற்றாண்டில் சரித்திரக்காரர் தொகுத்தவை. அவற்றின் கரு, இந்த இரு கமிஷனர்களும் முதற் கான்ஸ்டபிள்களுக்கு எழுதிக்கொடுத்த கட்டளைகளில் இருக்கிறது.

இப்போது நம் தேசத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வரிவசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே சிப்பந்தியின் கையில் இருந்தபடியால், குடிகள் சித்திரவதைக்குள்ளாயினர் என்பதை 1855-இல் அதற்கென நியமித்த கமிஷனே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு தனிப் போலீஸ் வேண்டுமென்று 1859-இல் சென்னைக்கும், 1861-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சட்டங்கள் பிறந்தன. மாதிரி எங்கிருந்து வந்தது? சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய பட்டணங்களில் கமிஷனர் என்ற பெயர் லண்டனிலிருந்து வந்தது வாஸ்தவம். நாட்டுப்புறத்துக்கு வந்தது ஐர்லாந்தின் மாதிரி. 1843-இல் சிந்து தேசத்தைப் பிடித்த நேப்பியர் முதலில் அதை அங்கே நட்டார். மற்ற மாகாணங்கள் அதைப் பின்பற்றின. கலகப் பிரதேசம் என்று விளம்பரம் செய்து, அதிகப்படிப் போலீஸை நிறுத்தி, செலவை அவ்வூராரிடமே வசூலிப்பது 1861-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15-வது பிரிவு. 1814-இல் டிப்பெரரிக்குப் பீல் செய்ததும் இதுவே. 1908-இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டதையொட்டித் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கலகம் மூண்டபோது, அவ்வூரார் தலையில் கட்டப்பட்ட தண்டப் போலீஸுக்கு மூலபுருஷர் யார் என்று இனி நாம் தேடவேண்டியதில்லை.

வாசல்களும் அப்படியே வந்தன. கான்ஸ்டபிளாகச் சேர்ந்த இந்தியன் கான்ஸ்டபிளாகவோ, மிஞ்சினால் ஹெட் கான்ஸ்டபிளாகவோ பென்ஷன் பெற்றான். ஜில்லா அதிகாரிகளின் மேல்வாசல் 1893 முதல் லண்டனில் நடந்த பரீக்ஷையாயிற்று. இந்தியருக்கு அது 1920 வரை திறக்கவில்லை. 1902-இல் கர்ஸான் பிரபு நியமித்த கமிஷன் போலீஸின் ஊழலையும் கொடுமையையும் விஸ்தாரமாக எழுதி, கான்ஸ்டபிளுக்கு மாதம் எட்டு ரூபாயாவது தரவேண்டும் என்றது. அதற்குமுன் அதனினும் குறைந்த சம்பளத்தில் ஒரு மனிதனை அதிகாரத்தோடு தெருவில் நிறுத்தியிருந்தனர். லஞ்சம் எங்கிருந்து முளைத்தது என்று ஆராய்ச்சி வேறு! அதே கமிஷன் ஸப்-இன்ஸ்பெக்டர்களை வெளியிலிருந்து நேரே எடுக்கும் நடுவாசலையும் விரிவாகத் திறந்தது. கான்ஸ்டபிளின் ஏணியில் இருந்த படியொன்று அதனால் ஒடிந்தது.

வெள்ளையர் 1947-இல் போனார்கள், வாசல்கள் போகவில்லை. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இரண்டாம் நிலைக் காவலர் வேலை. பட்டதாரிக்கு ஸப்-இன்ஸ்பெக்டர் வேலை. மாகாணத்து முதல் தொகுதிப் பரீக்ஷையில் தேறினால் டிப்டி சூபரிண்டெண்டெண்டு. டில்லியின் பரீக்ஷையில் தேறினால் ஐ.பி.எஸ். மனுப்போடும் வாலிபர், தாம் எந்த வாசலில் நுழைகிறோமோ அது எத்தனை படி தூரம் தம்மைக் கொண்டுபோகும் என்பதை முதல்நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். கீழ்வாசலில் நுழைந்தவர் மேல்வாசல் பரீக்ஷைகளுக்கு வயதுவரம்பு கடப்பதற்குள் படித்து எழுதலாம். எழுதித் தேறியவரும் உண்டு. ஆனால் இரவுப் பாராவும் ஊர்வலக் காவலும் முடித்து வந்தவருக்குப் புத்தகம் பிடிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை ஸர்க்கார்தான் சொல்லவேண்டும்.

பீலின் பிற்கால சரித்திரம் பலரும் அறிந்தது. 1834-35-இல் சில மாதங்களும், 1841 முதல் ஐந்து வருஷங்களும் பிரதம மந்திரியாயிருந்தார். ஐர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைகாட்டியபோது, தானிய இறக்குமதி வரியை ஒழிக்கத் துணிந்து, தம் கட்சியையே பிளந்தார். 1846 ஜூன் 25-ந் தேதி இரவு அவ்வரியை ஒழிக்கும் மசோதா பிரபுக்கள் சபையில் நிறைவேறிற்று. அதே இரவு ஐர்லாந்தை அடக்குவதற்காக அவர் கொண்டுவந்த மற்றொரு மசோதா காமன்ஸ் சபையில் தோற்றது. அதனோடு மந்திரிசபையும் வீழ்ந்தது. முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன் ஐர்லாந்தில் அடக்குமுறை அதிகாரியாகத் தொடங்கியவர், ஐர்லாந்தின் அடக்குமுறை மசோதாவிலேயே பதவியிழந்தார்.

1850 ஜூன் 29-ந் தேதி லண்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹில் என்ற சாலையில் குதிரையேறிச் செல்லும்போது தவறி விழுந்து, ஜூலை 2-ந் தேதி காலஞ்சென்றார். ரொட்டி விலை குறையக் காரணமாயிருந்தவரென்று தொழிலாளர்கள் தலைக்கு ஒரு பென்னி வீதம் அவருடைய ஞாபகார்த்த நிதிக்குக் கொடுத்தனர். அவர் ஏற்படுத்திய கான்ஸ்டபிள்கள் அப்போதும் அவர் பெயராலேயே லண்டனில் பாபி என்றும், ஐர்லாந்தில் பீலர் என்றும் அழைக்கப்பட்டு வந்தனர். பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அந்தக் கான்ஸ்டபிள்களுக்கு 1887-இல்தான் கிடைத்தது.